கடற்கரைக்கு நிரை போட்ட கதை

மழை பெய்யும்போது கடற்கரைக்குப் போகிறவர்களை எங்கள் தெருவில் இரண்டு வகையாகத்தான் பார்ப்பார்கள். ஒன்று மீன்பிடிக்கிறவர்கள், மற்றது மண்டை கழன்றவர்கள். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஆகவே என்னை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

களுத்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். வைகாசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் உல்லாசப் பயணிகள் மூட்டை கட்டிவிடுவார்கள். ஹோட்டல்காரர்கள் சாய்வு நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். அப்போதுதான் கரை எனக்குக் கிடைக்கும். தலைக்கு மேலே மழை, காலுக்குக் கீழே நுரை, கையில் ஒரு பை. ராத்திரி கடல் என்ன கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு நடைக்கு ஒரு சாமான் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அலை தேய்த்து மழுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு, ஒரு சங்கு, நெளிந்து போன ஒரு வேர். அவற்றை ஜன்னல் கட்டையில் அடுக்கி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதைக் குப்பை என்பார். நான் அவருடைய த்ரீவீலருக்குள் தொங்குகிற பிளாஸ்டிக் திராட்சைக் குலையைப் பற்றி ஏதாவது சொல்வேன். அதோடு பேச்சு முடியும்.

ஆனால் மழையை நான் முழுதாக ரசித்தேன் என்று சொன்னால் பொய். என் அம்மா இருப்பது இரத்தினபுரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவள் இருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் செங்குத்தாக ஒரு மலை. அதில் வெடிப்பு விழுந்திருக்கிறது. பெரிய மழை வந்தால் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா போகமாட்டாள். அவள் போகாவிட்டால் அந்த லயத்தில் வேறு எவளும் போகமாட்டாள். அவள் தலைவி ஒன்றும் இல்லை. கொழுந்தெடுக்கிற வேலையைக்கூட விட்டுவிட்டாள். இருந்தாலும் கல்யாணமா, சாவா, தண்ணீர்க் குழாயடிச் சண்டையா, எதுவானாலும் கடைசியில் எல்லாரும் அம்மாவின் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"இந்த மலைய நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன். அது எங்கயும் போகாது. போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போகும்" என்பாள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். இங்கே நான் விழித்திருப்பேன். மழை பிடித்தால் கரைக்கு ஓடுவது, கரையிலிருந்து அம்மாவுக்கு ஃபோன் எடுப்பது, அவள் எடுக்காவிட்டால் பதறுவது, எடுத்தால் திட்டுவது. இப்படித்தான் என் மழைக்காலம் போய்க்கொண்டிருந்தது.

மண்டபத்துக்குப் போகாததற்கு அம்மா சொன்ன இன்னொரு காரணம் நாய். உள்ளே நாயை விடமாட்டார்களாம். அது ஒரு செவலை நாய். ஒரு காது எப்போதும் தூக்கி நிற்கும், மற்றது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அதற்குப் பேர் வைக்கவில்லை. 'கங்காணி' என்று கூப்பிடுவாள். கொழுந்தெடுக்கிறவர்களுக்குப் பின்னால் நடந்து, தான் ஒரு வேலையும் செய்யாமல், எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற ஒரு சீவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் கேள்வி.

போன வைகாசியில் மழை ஒரு மாதிரியாகக் கறுத்துக்கொண்டு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. நான் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள் என்பது தெரியும். ஆகவே வீட்டுக்காரரை அனுப்பினேன். எங்கள் ஆட்களில் மாமியார் மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. அம்மா இந்த விஷயத்தில் பழைய ஆள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். முகம் பார்த்துப் பேசாதவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அவர் நனைந்துபோய் வாசலில் நின்று, "மாமிய கூட்டிட்டு வரச் சொன்னா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "கங்காணி, நம்ம ரெண்டு பேரும் நாலு நாளைக்கு ஊருக்குப் போறோம்டா" என்று நாயிடம் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் முடிவாயிற்று.

கிளம்பும்போது லயத்துப் பெண்கள் வாசலில் நின்று, "நீங்க போறீங்க, எங்களுக்கு என்னாக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "உங்களுக்கு என்னா? கதவ சாத்திட்டு தூங்குங்கடி. ஒண்ணும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வண்டியில் ஏறினாள். அம்மா பின் சீட்டில், அவள் மடியில் கங்காணி, கங்காணி மேல் ஒரு சாக்கு. அவிசாவளைப் பக்கம் சோதனையில் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது நாய் அவரையும் முகர்ந்து பார்த்துத் திருப்தியாகத் தும்மியதாம்.

வந்த அன்றைக்கே வீட்டில் புது வழக்கம் தொடங்கியது. அம்மாவுக்கு மாப்பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நாயைத் திட்டுவாள்.

"ஏன்டா கங்காணி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்னா தூக்கம்?"

நாய் அப்போது அவள் காலடியில் முழித்துக்கொண்டு நிற்கும். உள்ளே கட்டிலிலிருந்து பதில் வரும். "கங்காணி, ராத்திரி ஹயர் போயிட்டு லேட்டாத்தான் வந்தேன்னு சொல்லுடா." நாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கு வாய் இருந்திருந்தால் சம்பளம் கேட்டிருக்கும்.

மழைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அம்மாவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். மெல்லிய மழை. எனக்குப் பிடித்த மழை. நான் பையோடு வாசலில் காத்துக்கொண்டிருக்க, அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து காலில் முழங்கால் வரைக்கும் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவவில்லை. அப்படியே காய விட்டாள். பிறகு நாயைப் பிடித்து அதன் நாலு காலுக்கும் தேய்த்தாள்.

"என்னாம்மா பண்றீங்க?"

"மழையில நடக்கப் போறோம்ல. அட்டை ஏறாது."

"கடற்கரையில அட்டை இல்லம்மா."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்பது உண்மைதான். வாழ்நாள் முழுக்க மழையில் அட்டையோடு மல்லுக்கட்டியவளிடம் அட்டை இல்லாத ஈர நிலம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டாள். கொழுந்தெடுக்கும்போது செடி கீறாமல் இருக்கக் கட்டுகிற அந்தத் தடித்த துணியை ஊரிலிருந்து கொண்டே வந்திருக்கிறாள். தலையில் மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கொங்காணி. ஈர மணலில் அவள் காலை வைத்ததும் சவர்க்காரம் நுரைத்தது. கடலும் நுரைத்துக்கொண்டிருந்தது. வலை காய விட இடம் தேடிக்கொண்டிருந்த மீன்காரர்கள் அம்மாவின் காலை முதலில் பார்த்தார்கள், பிறகு நுரை தள்ளுகிற நாயின் காலைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கங்காணிக்கு அதுதான் முதல் கடல். முதல் அலை வந்தபோது கால்களை ஊன்றிக் குரைத்தது. அலை பின்வாங்கியது. நாய்க்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அடுத்த அலையையும் விரட்டியது. அதற்கடுத்ததையும். அன்று காலை முழுவதும் இந்து சமுத்திரத்தைத் துரத்தித் துரத்திக் களைத்துப்போய், கடைசியில் ஒரு நண்டிடம் மூக்கைக் கொடுத்து அழுதுகொண்டு வந்தது.

அம்மாவோ கடலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்தபடியே நடந்தாள். இரண்டு கையும் வேலை செய்தன. நான் ஒரு சோழியை எடுத்து, மழையில் கழுவி, உள்ளங்கையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முதுகில் சாக்கு நிறைந்திருந்தது. ஒற்றைச் செருப்புகள், தேங்காய், மூங்கில் துண்டு, உடையாத மின்குமிழ், பொம்மைத் தலை, றப்பர்க் கொட்டைகள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"எதுக்கா? பொறுக்க வந்தா பொறுக்கணும். ஒண்ண எடுத்துட்டு ஒண்ண விட்டா, பின்னால வர்றவ என்னா நினைப்பா?"

பின்னால் வருகிறவள் யாரும் இல்லை. ஆனால் ஒரு செடியில் கொழுந்தை விட்டுவிட்டுப் போனால் ஏச்சுக் கேட்கிற வேலையில் கை பழகிவிட்டது. ஒரு நடைக்கு ஒரு சாமான் என்ற என் சட்டத்தை விளக்கினேன். அம்மா அதை முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு அரைப் பேர்தான் விழும்" என்றாள். தோட்டத்தில் முழு நாள் கூலி விழாத ஆட்களைப் பற்றிப் பேசுகிற அதே இரக்கக் குரல்.

றப்பர்க் கொட்டைகளைப் பார்த்ததில்தான் வினை தொடங்கியது. கடலில் றப்பர் மரம் ஏது என்று கேட்டாள். களுகங்கை இரத்தினபுரியிலிருந்து வந்து இங்கேதான் கடலில் விழுகிறது என்று நான் வாத்தியார் வேலையைக் காட்டினேன். மலையில் மழை பெய்தால் அங்கே ஆற்றில் விழுகிறதெல்லாம் இங்கே கரையில் ஒதுங்கும் என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மாவின் முகம் மாறியது. கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம் நம்ம சாமான்."

அந்த நிமிடத்திலிருந்து கடற்கரையில் கிடந்ததெல்லாம் இரத்தினபுரிச் சொத்தாகிவிட்டது. மறுநாள் எங்கள் பின்வீட்டுச் சிங்கள அக்கா வழக்கம்போல விறகு பொறுக்க வந்தார். இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். மழைக்காலத்தில் ஒதுங்குகிற கட்டைகளைக் காய வைத்துத்தான் வருசம் முழுவதும் அவருக்கு அடுப்பு எரியும். அவர் ஒரு கித்துள் மரக்கட்டையின் ஒரு நுனியைத் தூக்கியபோது மறு நுனியில் அம்மா நின்றாள்.

"மே ஒக்கொம அபே" என்றாள். இதெல்லாம் எங்களுடையது.

அம்மாவின் சிங்களம் இரத்தினபுரிச் சந்தையில் படித்தது. சண்டை பிடிக்கவும் விலை குறைக்கவும் தேவையான எல்லாச் சொல்லும் அதில் உண்டு. 'தயவுசெய்து' மட்டும் கிடையாது. அந்த அக்கா, கடல் போட்டதை எடுக்கிறவர்தான் சொந்தக்காரர் என்று நியாயம் சொன்னார். அம்மா, கடல் எங்கே கித்துள் வளர்த்தது, இது எங்கள் மலையில் வளர்ந்தது, ஆறு திருடிக்கொண்டு வந்தது, திருட்டுச் சாமானை வாங்கி வைத்தால் கடலுக்கும் குற்றம்தான் என்றாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்து வைத்தேன். கங்காணி கட்டையின் நடுப்பகுதியில் காலைத் தூக்கித் தன்னுடைய தீர்ப்பை எழுதிவிட்டுப் போனது.

இப்படியே விட்டால் எனக்குப் பின்வீட்டு இடியாப்பம் நின்றுவிடும் என்ற பயத்தில், "பங்கு போட்டுக்கோங்கம்மா" என்றேன். அம்மா யோசித்தாள். பிறகு ஒரு மூங்கில் கழியை எடுத்தாள். தென்னை மரங்களிலிருந்து அலை வரைக்கும் மணலில் ஒரு கோடு இழுத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். மலையில் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். உன் வரிசைச் செடியில் நீதான் கை வைக்க வேண்டும், பக்கத்து நிரையில் எவ்வளவு கொழுந்து தளதளவென்று நின்றாலும் தொடக் கூடாது. களுத்துறைக் கடற்கரைக்கு அன்றைக்குத்தான் நிரை போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"இது ஒங்க நிரை. இது என் நிரை. இந்தா நிக்கிற இவளுக்கும் ஒண்ணு" என்று எனக்கும் ஒன்றை ஒதுக்கினாள். ஒதுக்கும்போதே என் கையிலிருந்த ஒற்றைச் சோழியை ஏளனமாகப் பார்த்தாள்.

அந்த அக்காவுக்கு இது முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் பிடித்துப் போயிற்று. சண்டையில்லாமல் விறகு கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அலை வந்து கோடுகளை அழிக்க அழிக்க அம்மா திரும்பத் திரும்ப இழுத்தாள். அதற்குப் பிறகு காலையில் மழையில் நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக, குனிந்தபடி, நிரை மாறாமல் போய்க்கொண்டிருப்போம். பின்னால் கங்காணி ஒவ்வொரு நிரையாக முகர்ந்து பார்த்துக்கொண்டு வரும். ஒரு முறை காலொடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சரியாகக் கோட்டின் மேல் ஒதுங்கியது. இரண்டு பெண்களும் அதைத் தொடவில்லை. அடுத்த அலை வந்து அதை யாருடைய பக்கம் தள்ளுகிறது என்று மழையில் நின்று பார்த்தார்கள். அலை அதை என் நிரையில் தள்ளியது. என் சட்டத்தைச் சொல்லி அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை.

எங்கள் விறாந்தை நிறைந்துகொண்டு வந்தது. வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்புக் குவியலைத் தாண்டி வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. "கங்காணி, இதுல ரெண்டு ஒரே மாதிரி கிடைச்சா சொல்லுடா, நான் போட்டுக்கிறேன்" என்றார். அம்மா நாயைப் பார்த்து, "கிடைக்கும்டா, பொறுமையா இருக்கச் சொல்லு" என்றாள்.

எனக்கோ அந்த நாட்கள் சொர்க்கமாக இருந்தன. வெளியே மழை கொட்டும். உள்ளே அம்மா இருப்பாள். கூரையில் விழுகிற சத்தத்தை, எங்கே அம்மா, என்ன ஆனதோ என்ற நினைப்பில்லாமல், வெறும் சத்தமாக முதல் தடவையாகக் கேட்டேன். மழை இவ்வளவு நல்லதா என்றிருந்தது.

ஆனால் மாலையில் அம்மா லயத்துக்கு ஃபோன் எடுப்பாள். ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவாள். "ஒண்ணும் ஆகலைல்ல? நான் சொன்னேன்ல? பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு சொல்றவன் வந்தா டீ ஊத்திக் குடுத்து அனுப்புங்க. மழை கொஞ்சம் விட்டதும் நானும் வந்துருவேன்." அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்து சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், வாத்தியார் குரலில் அதட்டியும் பார்த்தேன். "நீ புள்ளைகளுக்குப் பாடம் சொல்லு. மலைக்குச் சொல்லாத" என்றாள். மழை விடக் கூடாது, விட்டால் அம்மா போய்விடுவாள் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது. மழை விட வேண்டும், விடாவிட்டால் அங்கே மீதிப் பேருக்கு ஆபத்து என்று இன்னொரு மனது. சாமிக்கு என் விண்ணப்பம் விளங்கியிருக்காது.

ஒரு நாள் காலையில் கரைக்குப் போனபோது கடல் கரும்பழுப்பாக இருந்தது. ராத்திரி முழுவதும் மலைப் பக்கம் இடி இடித்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டிருந்தது. மணல் தெரியாமல் மூங்கிலும் வாழையும் சல்வீனியா நீர்ப்பூண்டும் போத்தல்களும் குவிந்து கிடந்தன. கங்காணி அலையை விட்டுவிட்டுக் குப்பையைப் பார்த்துக் குரைத்தது. அம்மா உற்சாகமாகக் கழியை எடுத்துக்கொண்டு கோடு இழுக்கத் தொடங்கினாள்.

பின்வீட்டு அக்கா தன் நிரையிலிருந்து எதையோ இழுக்க முடியாமல் எங்களைக் கூப்பிட்டார். நல்ல கட்டை, வேரோடு வந்திருக்கிறது, ஒரு கை பிடியுங்கள் என்றார். அடுத்தவர் நிரைக்குள் அம்மா கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குனிந்து கையைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தேயிலைச் செடி. மேல்பக்கம் மேசை மாதிரித் தட்டையாக இருந்தது. எத்தனையோ வருசமாகக் கவ்வாத்து வெட்டி வெட்டி முண்டு முண்டாகத் தடித்த அடிமரம். கீழே வேர் முழுசாக இருந்தது. ஆறும் கடலும் கழுவியும் இடுக்குகளில் இன்னும் செம்மண். மேலே ஒரு கிளையில் கொழுந்து நின்றது. பச்சையாக. அம்மாவின் கை தன்பாட்டுக்குப் போய் அந்த இரண்டு இலையையும் மொட்டையும் கிள்ளியது. கிள்ளிய பிறகுதான் தன் கையையே பார்த்தாள்.

"வாடவே இல்லடி" என்றாள்.

"ஆத்துல வந்ததும்மா."

"ஆத்துல வரட்டும். எப்புடி வந்துச்சு?" என் முகத்தைப் பார்த்தாள். "வேலில நிக்கிற செடியா இது, சாஞ்சு விழுறதுக்கு? அலவாங்கு போட்டு நாலு ஆம்பள நெம்பினாலும் இது வராது. வேர்தான் மண்ண புடிச்சிக்கிட்டு இருக்கு. வேர் வந்துருச்சுன்னா..."

மழை கொங்காணியில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அது எந்தத் தோட்டத்துச் செடி என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஆற்றுக்கு எத்தனையோ மலை இருக்கிறது. ஆனால் எங்கேயோ ஒரு மலை நேற்று ராத்திரி யாரிடமும் சொல்லாமல் போயிருந்தது. அதிகாரிகள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டியபோது நம்பாதவள், தன் வயசுள்ள ஒரு செடி காலடியில் கிடந்தபோது நம்பினாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் பயமாக இருந்தது. அவள் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஃபோன குடு" என்றாள்.

மழையில் நின்றபடியே லயத்துக்கு எடுத்தாள். மறுபக்கம் யாரோ ஹலோ சொல்லும் முன்பே, "எல்லாரும் கெளம்புங்கடி! பள்ளிக்கூடத்துக்கு! இப்பவே!" என்று கத்தினாள்.

"என்னாக்கா, நீங்கதான ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். அடுப்ப அணை. புள்ளைகள தூக்கு."

"இன்னிக்கு மழை கொறைஞ்சிருக்கேக்கா..."

"கொறைஞ்சா என்னா? மண்ணு குடிச்ச தண்ணி எங்கடி போகும்? நட!"

"நாய உள்ள விடமாட்டாங்களே."

அது அம்மாவே கண்டுபிடித்த காரணம். இப்போது அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. "நாயோட போங்க. உள்ள விடலைன்னா எல்லா நாயையும் வாசல்ல உக்கார வச்சு ஊளை விடச் சொல்லுங்க. தானா விடுவாங்க. கோழியும் கொண்டு போங்க. ஆடு வச்சிருக்கவ ஆட்டையும் ஓட்டிட்டு போகட்டும். ஒருத்தி லயத்துல இருந்தா நான் வந்து அவள செருப்பால அடிப்பேன்." அவளிடம் அப்போது செருப்புக்குப் பஞ்சமே இல்லை.

பின்வீட்டு அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்து எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அந்தச் செடியை விறகுக்கு எடுக்கவில்லை. அதை இழுத்து அலை தொடாத இடத்தில் போட்டுவிட்டு, அம்மாவின் தோளில் கை போட்டு வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. லயத்து ஃபோன் ஒன்றும் பிறகு கிடைக்கவில்லை. கரண்ட் போயிருக்கும், சார்ஜ் இருக்காது என்று நான் ஆயிரம் சமாதானம் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கையில்லை. சாயந்தரம் வீட்டுக்காரர் வந்தபோது அம்மா கதவுக்குப் பின்னால் போகவில்லை. விறாந்தையில் அவருக்கு நேரே வந்து நின்று, "மாப்ள, அங்கன ஒரு எட்டு போயி பாத்துட்டு வாறீங்களா?" என்று கேட்டாள். அவர் ஆடிப்போய்விட்டார். பதில் சொல்ல நாயைத் தேடினார். பிறகு, "ரோட்டுல தண்ணி நிக்குது மாமி. வழி விட்ட உடனே போறேன்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்கும். "நான்தான் அவளுகள தூங்குங்கன்னு சொன்னேன் மாப்ள" என்றாள் அம்மா. அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஃபோன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏங்க்கா, ஒங்களுக்கு அறிவு இருக்கா?"

லயத்தில் அம்மாவுக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், இருக்கிறவளின் குரல்.

"மலை அப்புடியேதான் நிக்குது! ஒரு கல்லு உருளல! நீங்க பேசுன பேச்சுக்கு நாங்க சட்டி பானைய போட்டுட்டு ஓடி வந்து, வெறுந்தரையில படுத்து, கொசுக்கடியில ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. ஒரு கக்கூசுக்கு இத்தன பேரு. மாவு மூட்டைய எலி தின்னுட்டு இருக்கும். நாயெல்லாம் ராத்திரி முழுக்க ஊளை விட்டு ஹெட்மாஸ்டர் வந்து ஏசிட்டுப் போறாரு. கடலோரம் ஜாலியா இருந்துக்கிட்டு எங்கள இப்புடி பண்ணிட்டீங்களே!"

என் அம்மாவை அந்த லயத்தில் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் அவர்களுடைய மூன்று தலைமுறையும் சந்திக்கு வந்திருக்கும். நான் பயந்துகொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"திட்டுடி" என்றாள். "நல்லா திட்டு. ஒன் பக்கத்துல யாரு?"

அடுத்தவளும் வந்து திட்டினாள். அவளுக்கடுத்தவளும். ஒருத்தி திட்டி முடித்ததும் அம்மா அடுத்த காம்பராவைக் கேட்டாள். கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே திட்டினார். ஒரு கைக்குழந்தைக்காரி, திட்டத் தெரியாமல், "போங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அழுகிற சத்தமும் கேட்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அதையும் கேட்டுக்கொண்டாள்.

"கடைசிக் காம்பராக்காரி எங்க? அவ ஏன் பேசல?"

"அவ ஒங்களோட பேசமாட்டாள்லக்கா. ரெண்டு வருசமா கோவந்தான?"

"கோவம் கெடக்கட்டும்" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "பேச வேணாம். வந்து திட்டிட்டுப் போகச் சொல்லு."

மண்டபத்து இரைச்சலுக்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு ஒரு முரட்டுக் குரல், எழுத்தில் போட முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தது.

"சரி" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் இருக்காளுக. சோத்த போடு."